சோறு பொது, குழம்பு தனி

சிக்கந்தராபாத் திருமுல்கேரியில் சாயங்காலம் ஏழு மணி தாண்டினால் கர்ரி பாயிண்ட் கடைகளுக்கு முன்னால் பையன்கள் சேர ஆரம்பிக்கிறார்கள். கடை என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. ஒரு ஷட்டர், ஒரு நீள மேசை, அதன் மேல் பத்துப் பன்னிரண்டு எவர்சில்வர் சட்டிகள். பப்பு, சாம்பார், சாறு, கோவைக்காய் வறுவல், குத்தி வங்காயா, கோங்குரா, ஓரத்தில் ஒரு வாளி தயிர். நாற்காலி கிடையாது. காசைக் கொடுத்தால் கடைக்கார அம்மா ஒரு கரண்டி குழம்பைச் சின்ன பாலிதீன் பையில் ஊற்றி, இரண்டு விரலால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றுவார். பை காற்றோடு உப்பிக்கொள்ளும். கழுத்தில் ரப்பர் பேண்ட் விழும். வாங்கிய பையன் அதை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு அறைக்கு நடப்பான்.

அறை என்பது பெரும்பாலும் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷன். மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருப்பார்கள். அரிசி ஊரிலிருந்து மூட்டையாக வந்துவிடும். கரண்ட் குக்கர் ஒன்று, பொதுவில். சோறு எல்லோருக்குமாக ஒரே தடவை வைப்பார்கள். குழம்பு அவரவர் வாங்கிக்கொள்வது. ஒருவன் எட்டு மணிக்கு ஐ.பி.எல். பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். இன்னொருவன் டியூஷன் எடுத்துவிட்டுப் பத்து மணிக்கு வருவான். மூன்றாமவனுக்குப் பசி நள்ளிரவில். குக்கரின் சின்ன மஞ்சள் விளக்கு மட்டும் கடைசி ஆள் வரும்வரை எரிந்துகொண்டிருக்கும்.

இவர்கள் சேர்ந்து சாப்பிடுகிறார்களா, தனியாகச் சாப்பிடுகிறார்களா? என்னால் ஒரு பக்கமாகச் சொல்ல முடியவில்லை. "அந்தக் காலத்தில் எல்லோரும் கூடி உட்கார்ந்து சாப்பிட்டோம், இப்போது பிள்ளைகள் போனோடு சாப்பிடுகின்றன" என்ற புலம்பலை எந்தக் கல்யாண வீட்டிலும் கேட்கலாம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை, பழைய மெஸ்ஸில் சாப்பிட்டவர்களே வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இந்த ஊர் ராணுவ ஊர். சிக்கந்தராபாத் கன்டோன்மென்டின் ஒரு பகுதி. மெட்ராஸ் படைகளோடு சிப்பாயாகவும் கான்ட்ராக்டராகவும் சமையல்காரராகவும் வந்த தமிழர்களின் வாரிசுகள் லால் பஜார், பொல்லாரம் பக்கங்களில் இன்றும் இருக்கிறார்கள். கோட்டை மாதிரி நிற்கும் பழைய ராணுவச் சிறை இங்கேதான். எம்.சி.இ.எம்.இ. என்ற ராணுவப் பொறியியல் கல்லூரியும் இங்கேதான். அங்கே படிக்கிற இளம் அதிகாரிகளுக்கு மெஸ் உண்டு. விருந்து இரவு என்றால் எல்லோரும் ஒரே மேசையில், இன்ன உடையில், இன்ன வரிசையில். மூத்தவர் ஆரம்பிக்காமல் யாரும் ஸ்பூனைத் தொடுவதில்லை. நடுவில் எழுந்து போவதும் இல்லை. திருமுல்கேரி மாணவர்களில் முறை தவறாமல் கூடிச் சாப்பிடுகிறவர்கள் யார் என்று கேட்டால், கட்டளைக்குக் கட்டுப்பட்ட இவர்களைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

பல்கலைக்கழக விடுதியிலும் அந்தக் காலக் கூட்டுச் சாப்பாடு ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. விருப்பம் என்ற பேச்சே இல்லை. உஸ்மானியா பல்கலைக்கழகம் 1918-இல் தொடங்கியது. அதன் கலைக் கல்லூரிக் கட்டடம் 1939-இல் திறக்கப்பட்டது. நிஜாம் சமஸ்தானத்தின் மூலை முடுக்கிலிருந்து வந்த பையன்களுக்கு விடுதிதான் வீடு. மணி அடித்தால் சாப்பாடு, மணி தவறினால் பட்டினி. வெளியே சாப்பிடக் கையில் காசு கிடையாது. இருந்தாலும், தார்னாகா பக்கம் அந்த நாளில் சுற்றுவட்டாரத்தில் என்ன கடை இருந்திருக்கும்?

அந்த மெஸ் கூடத்தைக் கட்டி வைத்திருந்தது பாசமல்ல, கணக்கு. 'டிவைடிங்' முறையில் சாப்பிட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாதம் முழுக்க மெஸ்ஸுக்கு ஆன செலவை, அரிசி, பருப்பு, எண்ணெய், விறகு, சமையல்காரர் சம்பளம் வரை எல்லாவற்றையும் கூட்டுவார்கள். அதை அந்த மாதம் எத்தனை பேர் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்ற மொத்த எண்ணிக்கையால் வகுப்பார்கள். வருவதுதான் அன்றாட ரேட். நீ இருபத்தைந்து நாள் இருந்தால் இருபத்தைந்து மடங்கு. ஊருக்குப் போவதற்கு முன் 'மெஸ் கட்' எழுதிக் கொடுக்காவிட்டால், சாப்பிடாத சோற்றுக்கும் பணம். யாராவது விருந்தாளியை டோக்கன் இல்லாமல் உள்ளே கூட்டிவந்தால், அவன் தின்றது எல்லோர் தலையிலும் பைசா பைசாவாக ஏறும்.

இதன் விளைவு என்னவென்றால், பக்கத்துத் தட்டில் என்ன இருக்கிறது என்பது உன் பிரச்னை ஆகிவிடும். ஒருவன் மூன்றாவது முட்டை எடுத்தால் நூறு பேர் கண் அங்கே போகும். ஞாயிற்றுக்கிழமை கோழி போடுவதென்றால் சைவக்காரர்கள் அதற்கு ஏன் பணம் தர வேண்டும் என்று ஒரு சண்டை. சைவக்காரர்களுக்கு அன்று பனீர் போட்டால், பனீர் விலை தெரியுமா என்று பதில் சண்டை. மாதக் கடைசி 'ஃபீஸ்ட்'டுக்கு ஐஸ்கிரீம் வேண்டுமா, வேண்டாமா என்று ஓட்டெடுப்பு. நான் இருந்த விடுதியில் மெஸ் செகரட்டரி தேர்தல் மாணவர் சங்கத் தேர்தலைவிடக் காரமாக நடந்தது. காரணம் எளிது. சங்கத் தலைவர் கெட்டவரானால் மேடையில் மோசமாகப் பேசுவார். மெஸ் செகரட்டரி கெட்டவரானால் சாம்பாரில் தண்ணீர் கூடும். முறை போட்டு மோண்டா மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் காய் வாங்கப் போவோம். எந்தக் கடையில் அழுகல் தக்காளியை அடியில் வைத்துக் கட்டுவார்கள் என்பது எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மனப்பாடம்.

அங்கே பந்திவஞ்சனையும் உண்டு. சமையல்காரருக்குப் பிடித்த பையனுக்கு அடிவண்டல் வராது. குழம்பின் நடுவிலிருந்து கரண்டி விழும். சீனியருக்கு முதல் பந்தி. பேச்சு வழக்கைக் கேட்டு, பெயரைக் கேட்டு, எந்த மேசையில் யார் உட்காரலாம் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துபோகும். கூடச் சாப்பிட்டோம் என்று இன்று கண் கலங்குகிறவர்களில் எத்தனை பேர், கடைசி மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைக் கவனித்திருப்பார்கள்?

தமிழர்களுக்கு இது தெரியாத கதையல்ல. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி போடப்பட்டது தெரியவந்து, 1924–25-இல் தமிழ்நாட்டுக் காங்கிரசே இரண்டுபட்டது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். காந்தி வரை பஞ்சாயத்து போனது. மொத்தத் தமிழ்நாட்டையும் உலுக்கிய அந்த விவகாரத்தின் மையத்தில் இருந்தது, சில பையன்கள் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாமா என்ற ஒரே கேள்வி.

மறுபக்கத்தில், தனியாகச் சாப்பிட்ட மாணவர்களில் நம் ஊர்க்காரர் ஒருவர் உலகப் பிரசித்தம். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட, ராமானுஜன் தன் அறையில் தானே சமைத்துச் சாப்பிட்டார். சைவம் ஒரு காரணம்; போர்க்காலத்தில் காய்கறி கிடைக்காதது அதைச் சிக்கலாக்கியது. ஒருமுறை சாட்டர்ஜி என்ற இந்திய மாணவரையும் அவருக்கு நிச்சயமான பெண்ணையும் விருந்துக்கு அழைத்தார். சூப் பரிமாறினார்; இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் தடவை பரிமாற வந்தபோது வேண்டாம் என்ற பதில் வந்தது. சிறிது நேரத்தில் ராமானுஜனைக் காணோம். சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஐந்து பவுண்டு அனுப்பச் சொல்லி சாட்டர்ஜிக்கு அவருடைய தந்தி வந்தது. தினமும் தனியாகச் சாப்பிடுகிற மனிதருக்கு ஒரு நாள் பந்தி எவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்க வேண்டும்! நான் அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் வேண்டாம் என்ற விருந்தாளிகள் மேல்தான் கோபம் வருகிறது. இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டால்தான் என்ன.

உஸ்மானியாவுக்குத் திரும்பினால், அந்த விடுதிகளில் ஒரு கூரைக்குக் கீழ் இருந்த கூட்டம் சும்மா சாப்பிட்டுவிட்டுப் போகவில்லை. 1938-இல் விடுதியில் வந்தே மாதரம் பாடத் தடை வந்தபோது மாணவர்கள் எதிர்த்தார்கள். வெளியேற்றப்பட்டவர்களில் பலர் நாக்பூர் போய்ப் படிப்பை முடித்தார்கள். பின்னாளில் பிரதமரான பி.வி. நரசிம்ம ராவும் அந்த எதிர்ப்பில் கலந்துகொண்டு நாக்பூர் போனவர். தெலங்கானா போராட்டத்தின்போது 2011 ஜூன் 19 அன்று 'வண்ட்டா வார்ப்பு' நடந்தது: நகரத்துச் சாலைகளின் நடுவில் அடுப்பு மூட்டி, சமைத்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 15 அன்று அதே உஸ்மானியா வளாகத்தில், மாட்டிறைச்சி எங்கள் உணவு, அதை விடுதி மெனுவில் சேர் என்று கேட்டு தலித் மாணவர்களும் மற்றவர்களும் மாட்டிறைச்சி விழா நடத்தினார்கள். எதிர்த்து வந்தவர்களோடு கைகலப்பு, கத்திக்குத்து, கண்ணீர்ப்புகை. ஒரே சட்டியில் யாருடைய சாப்பாடு வேகும் என்பதுதான் வழக்கு. பொதுச் சட்டி என்று ஒன்று இருந்தால்தான் அந்த வழக்கே எழும்.

இங்கேதான் இன்றைய மாற்றம் எனக்கு உறைக்கிறது. 2025 மார்ச்சில் உஸ்மானியாவின் கோதாவரி விடுதியில் குழம்பில் பிளேடு கிடந்ததாகச் சொல்லி மாணவர்கள் தட்டும் பாத்திரமுமாக வந்து சாலையில் உட்கார்ந்தார்கள். செய்தி ஊரெங்கும் போனது. அதே மாதிரி ஒரு பிளேடோ கரப்பானோ ஆப்பில் வரவழைத்த பிரியாணியில் கிடந்தால் என்ன நடக்கும்? அறையில் இருக்கும் பையன் படம் எடுப்பான். 'ஹெல்ப்' பொத்தானை அமுக்குவான். மன்னிப்பு கேட்டு ஒரு தானியங்கிச் செய்தி வரும். பத்து நிமிடத்தில் பணம் திரும்பிவிடும், கூடவே அடுத்த ஆர்டருக்குக் கூப்பன். ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே கடையில் அன்று வாங்கிய மற்ற ஐம்பது பேருக்கு விஷயம் தெரியாது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. சாலையில் உட்கார ஆள் வேண்டும் அல்லவா?

ஸ்விக்கி 2014-இல் பெங்களூரில் தொடங்கியது. அதற்குப் பத்தாண்டுக்குள் ஹைதராபாத் மாணவரின் ராத்திரிச் சாப்பாடு அடியோடு மாறிவிட்டது. ஆனால் எல்லாப் பழியையும் ஆப் மேல் போடுவது நியாயமில்லை. அதற்கு வெகுமுன்பே அமீர்பேட்டையின் தனியார் ஹாஸ்டல்கள் வந்துவிட்டன. மைத்ரிவனம் பக்கம் கோர்ஸ் படிக்க வருகிறவர்களுக்காக, ஒரு அறையில் நான்கு கட்டில், கீழ்த்தளத்தில் மெஸ். கட்டணம் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. ஹாஸ்டல்காரர் சமைப்பார், நீ தட்டில் போட்டுக்கொண்டு கட்டிலுக்குப் போய்ச் சாப்பிடு. டிவைடிங் கிடையாது, பக்கத்துக் கட்டில்காரன் எத்தனை முட்டை எடுத்தால் உனக்கென்ன. கணக்கு போனதும் மேசையும் போய்விட்டது. தனிச் சாப்பாட்டின் ஆரம்பத்தை நான் அங்கே வைப்பேன், செல்போனில் அல்ல.

அந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிசு என்பது 2020 மார்ச் 25 அன்று தெரிந்தது. ஊரடங்கு அறிவித்த மறுநாள், அமீர்பேட்டை, எஸ்.ஆர். நகர் ஹாஸ்டல்கள் பல, மெஸ் ஓடாது, காலி பண்ணுங்கள் என்றன. ஆயிரக்கணக்கான பையன்களும் பெண்களும் பெட்டியோடு போலீஸ் ஸ்டேஷன் வாசல்களில் பாஸ் கேட்டு வரிசையில் நின்றார்கள். பாஸ் வாங்கிக் கிளம்பியவர்களை ஆந்திர எல்லையில் கரிகபாடு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். மெஸ் அவர்களுடையதாக இருந்திருந்தால் யாராவது ஒரு செகரட்டரி சாவியை வாங்கி அடுப்பைப் பற்றவைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றும். அது நடந்திருக்குமா என்பது வேறு கதை.

தனிச் சாப்பாட்டின் நல்ல பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் பெண்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். என் கல்லூரி நாட்களில் சிக்கந்தராபாத் இரானி ஹோட்டல்களில் 'ஒன் பை டூ' சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போம். நாங்கள் என்றால் ஆண்கள். பெண்கள் வந்தால் திரை போட்ட 'ஃபேமிலி ரூம்'. ஒரு பெண் தனியாக வந்து உட்கார்ந்து ஒரு பிளேட் பிரியாணி சொன்னால் ஹோட்டலே திரும்பிப் பார்க்கும். சமீபத்தில் ஒரு மத்தியானம் பார்த்தேன்: இருபது வயதுப் பெண், காதில் இயர்போன், மேசையில் புத்தகப் பை, முன்னால் 'சிங்கிள்' பிரியாணி. நிதானமாக எலும்பை உறிஞ்சி, மிர்ச்சி கா சாலனை வழித்து, வெங்காயத்தை ஒதுக்கி, முடித்துவிட்டு ஃபோனை கியூ.ஆர். அட்டையில் காட்டிவிட்டுப் போனாள். சர்வர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுடைய அம்மாவுக்குக் கிடைக்காத ஒரு மணி நேரம் அது. இதைத் தனிமை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

வெளிநாட்டுக் கணக்குகளும் ஒரே திசையில் போகவில்லை. 2025-ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை, வாரத்தின் 14 மதிய, இரவுச் சாப்பாடுகளில் எத்தனையை மற்றவர்களோடு சாப்பிட்டீர்கள் என்று நாடு நாடாகக் கேட்டது. செனகலில் 11.7, வங்கதேசத்திலும் எஸ்டோனியாவிலும் 2.7. கூட்டுக் குடும்பத்தின் பெருமை பேசும் நம் பக்கத்து நாடும் குளிர்தேசமும் ஒரே படியில் நிற்கின்றன. அமெரிக்காவில் 2023-இல் நான்கில் ஒருவர் முந்தைய நாளின் எல்லா வேளையும் தனியாகவே சாப்பிட்டிருந்தார். 2003-ஐ விட இது 53 சதவீதம் அதிகம். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக உணவகத்தில் 2012-லேயே மேசை நடுவில் தடுப்பு வைத்து, தனியாகச் சாப்பிட வருகிறவர்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். எதிரில் இருப்பவன் முகம் தெரியாமல் சாப்பிட அங்கே கூட்டம்.

நம்மிடம் தடுப்பு வேறு மாதிரி. 2023-இல் மும்பை ஐ.ஐ.டி. விடுதி மெஸ்ஸில் ஆறு மேசைகளைச் சைவக்காரர்களுக்கென்று ஒதுக்கினார்கள். எதிர்த்து அங்கே உட்கார்ந்து அசைவம் சாப்பிட்ட மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம். சென்னை ஐ.ஐ.டி.யில் 2018-இல் ஒரு மெஸ்ஸில் தனி வாசல், தனிக் கைகழுவும் தொட்டி என்று பிரச்னை ஆனது. 2024 மார்ச்சில் சொமேட்டோ, சுத்த சைவத்துக்குத் தனி ஆட்கள், பச்சைச் சட்டை என்று அறிவித்து, வந்த எதிர்ப்பில் மறுநாளே சட்டையை மட்டும் திரும்பப் பெற்றது. பந்தி கலைந்துபோன பிறகும் பந்தி வரிசை கலையவில்லை. சாப்பாட்டுப் பையோடு பைக்கில் ஏறி வருகிறது.

இத்தனைக்கும் நடுவில், இந்தத் தலைமுறை நாங்கள் செய்யத் துணியாத ஒன்றைச் செய்கிறது. மந்தி. நிஜாமின் படைக்கு ஏமனின் ஹத்ரமவுத்திலிருந்து வந்த அரபிகளின் வாரிசுகள் வாழும் பர்காஸ் பக்கத்துச் சாப்பாடு அது. இப்போது நகரம் முழுக்க மந்திக் கடைகள். தரையில் மெத்தை, நடுவில் வண்டிச் சக்கரம் அளவுக்குத் தாலம், அதில் சோற்று மலை, மேலே ஆட்டுத் தொடையோ முழுக் கோழியோ, வறுத்த முந்திரி, ஓரத்தில் மயோனைஸ் கிண்ணம். தட்டு கிடையாது. சுற்றி உட்கார்ந்த ஆறு பேரோ எட்டுப் பேரோ அதே தாலத்தில் கைவைத்துச் சாப்பிட வேண்டும். அவரவர் முன்னால் உள்ள சோறு அவரவருக்கு. கறி எல்லைக்கோட்டில் இருக்கிறது. எங்கள் மெஸ்ஸில் எல்லோரும் தினமும் ஒரே கூடத்தில் சாப்பிட்டோம். ஒரே தட்டில்? பக்கத்தில் இருப்பவன் தண்ணீர் தம்ளரை வாயில் வைத்துக் குடித்தாலே முகம் சுளிக்கிற கூட்டம் நாங்கள்.

வாரம் முழுக்க கர்ரி பாயிண்ட் பையோடு அறையில் தனித்தனியாகச் சாப்பிட்ட திருமுல்கேரிப் பையன்கள், சனிக்கிழமை ராத்திரி கூடி இந்தத் தாலத்தைச் சுற்றி உட்காருகிறார்கள். என் அக்கா மகன் அப்படிப் போன ஒரு ராத்திரியின் பின்கதையை என்னிடம் காட்டினான். எட்டுப் பேர். பில்லை ஒருவன் ஜி-பே பண்ணிவிட்டு, எட்டால் வகுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறான். உடனே ஆரம்பித்துவிட்டது. மட்டன் தொடாதவன் ஒருவன், எனக்குச் சோற்றுப் பங்கு மட்டும் போடு என்கிறான். பாதியில் எழுந்து போன் பேசப் போனவன், நான் வருவதற்குள் கறியைக் காலி பண்ணிவிட்டீர்கள், முழுப் பங்கு எப்படி என்கிறான். நோன்பு திறந்துவிட்டு நேராக வந்த நண்பனுக்கு இந்த வாரம் பங்கே வேண்டாம் என்று ஒரு தரப்பு. அப்படியானால் எட்டால் அல்ல, ஏழால் வகு என்று இன்னொரு தரப்பு. எக்ஸ்ட்ரா மயோனைஸ் யார் சொன்னது என்பதற்கு மட்டும் பதினான்கு மெசேஜ்.

"மாமா, இதுக்கெல்லாம் ஒரு ஆப் இருக்கு, போட்டா அதுவே பிரிச்சுக் குடுத்துடும்" என்றான்.

"போட வேண்டியதுதானே?"

"போட்டாச்சு. அது போட்ட கணக்கையும் ஒருத்தனும் ஒத்துக்கல. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஓடுச்சு."